நம்ம ஆளு வேன்

செர்காம்,
8 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கோமளா எழுதுகிறேன். இங்கே நானும் வீட்டுக்காரரும் சௌக்கியம். அவருக்கு ஜொகூருக்கு லாரி ஓட்டுகிற வேலைதான், வாரத்தில் பாதி நாள் வீட்டில் தலை காட்டுவதில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தானுக்குக் கண் ஆபரேஷன் எப்போது? நளினி எஸ்.பி.எம். பரீட்சைக்கு ஒழுங்காகப் படிக்கிறாளா?

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நான் போன் செய்தால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுகிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்டால் அத்தான் பதில் சொல்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது குடும்ப குரூப்புக்குப் போய்விடுகிறது. கடிதத்தையாவது நீங்கள் ஒருவர் மட்டும் படிப்பீர்கள் என்ற நப்பாசைதான்.

எங்கள் தாமான் குடியிருப்பின் பஸ் ஸ்டாப்பில் ஒரு மலாய்க்கார அக்காவின் கைப்பையை மோட்டார் சைக்கிளில் வந்தவன் பறித்துக்கொண்டு போனதை குரூப்பில் படித்திருப்பீர்கள். அந்த அக்காவுக்கு முழங்கையில் நல்ல சிராய்ப்பு. மறுநாள் காலையில் கட்டுப் போட்ட கையோடு அதே பஸ்ஸுக்கு வந்து நின்றார். பை போனது அவருக்கு. ஆனால் நம் குரூப்பில் என் வேலைக்கல்லவா கருமாதி நடத்துகிறார்கள்! "பொம்பளைக்கு எதுக்கு பஸ்ஸு, வேலைய விடச் சொல்லுங்க." "அந்த பஸ்ஸில பூரா பங்களாதேஷ்காரனும் நேபாளிக்காரனும்தான் லா." சொன்னவர்களில் ஒருவர்கூட அந்தப் பஸ்ஸில் ஏறிப் பார்த்ததில்லை.

அந்த நேபாளிக்காரர்கள் யார் என்று நான் சொல்கிறேன். இரவெல்லாம் ஃபேக்டரியில் கார்டு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். போன வாரம் ஒருவன் தூங்கி என் தோளில் சாய்ந்தான். தட்டினேன். "சாரி கக்காக்" என்று மலாயில் அக்கா போட்டுச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு இறங்கும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பாவம்.

மலாக்கா டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. கார் ஓட்ட எனக்கு வராது. பஸ்ஸை விட்டால் வேலை இல்லை. வேலையை விட்டால் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நான் விடமாட்டேன். நீங்களாவது என் பக்கம் நில்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
கோமளா


சுங்கை ஊடாங்,
22 ஜனவரி 2024

அன்புத் தங்கை கோமளாவுக்கு அக்கா விஜயராணி எழுதுவது,

கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் நலம். முழங்கால்தான் படியேறினால் பேசுகிறது. அத்தானுக்கு ஆபரேஷன் மே மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். தைப்பூச வேலைக்காக வீட்டில் ஆட்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள், அதனால்தான் பதில் தாமதம்.

உன் கடிதத்தை நான் ஒருத்தி மட்டும் எப்படிப் படிப்பது? அத்தானுக்குக் கண் தெரியவில்லை. அவருக்கு வருகிறதை, எனக்கு வருகிறதை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை டீ நேரத்தில் ஹாலில் நான்தானே வாசித்துக் காட்டுகிறேன். அன்று அத்தானோடு கோயில் கமிட்டியில் இருக்கும் தம்புசாமி அண்ணனும் இருந்தார், வாராவாரம் இங்கே மகள் வீட்டுக்கு வருகிறவர். உன் தைரியத்தைக் கேட்டுச் சிரித்தார். பிறகு ஒரு நல்ல வார்த்தை சொன்னார். "எதுக்குங்க தங்கச்சி பஸ்ஸுக்கு நிக்கணும்? நான் உம்பாய்லேர்ந்து தெனம் டவுனுக்குப் பொம்பளைங்கள ஏத்திக்கிட்டுத்தானே போறேன். கொஞ்ச தூரம் முன்னுக்குப் போய் ஏத்திக்கிறேன். நம்ம ஆளுக்கு இதுகூடவா செய்யமாட்டேன்?"

அத்தானுக்கு அவர் முப்பது வருஷப் பழக்கம். வேனில் முருகன் படம், ஏர்கான், பக்திப் பாட்டு. இதற்கு மேல் உனக்கு என்ன பாதுகாப்பு வேண்டும்? நான் சரி என்று சொல்லிவிட்டேன். என் பேச்சைத் தட்டாதே.

அன்பு அக்கா,
விஜயராணி


செர்காம்,
6 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கும், ஞாயிற்றுக்கிழமை ஹாலில் டீ குடித்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும்,

கோமளாவின் வணக்கம். நீங்கள் வாக்குக் கொடுத்த பிறகு நான் என்ன சொல்ல? போன வாரத்திலிருந்து வேனில்தான் போகிறேன். குரூப்பில் எல்லோரும் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். நான் ஏதோ உயிர் பிழைத்து வந்தவள் மாதிரி.

சும்மா சொல்லக்கூடாது, ஏர்கான் ஜில்லென்று இருக்கிறது. வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்கிறார். மற்றப் பெண்கள் எல்லோரும் உம்பாய்க்காரர்கள். சாயங்காலம் உம்பாயில் அவர்கள் இறங்கிவிட்டால் செர்காம் வரை நான் ஒருத்திதான். "பின்னால உக்காந்தா நான் டிரைவர் மாரி ஆயிடுவேன், முன்னுக்கு வாங்க தங்கச்சி" என்றார். சரி என்று முன்னால் உட்கார்ந்தேன்.

பஸ் ஞாபகம் வரத்தான் செய்கிறது. அங்கே நான் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

நளினிக்குப் பரீட்சை நல்லபடி முடியட்டும்.

கோமளா


செர்காம்,
28 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

வேனை நிறுத்திவிட்டேன். மறுபடியும் பஸ்தான். காரணம் கேட்காதீர்கள். இது எங்கே வாசிக்கப்படும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் நீங்கள் மட்டும் தனியாக இங்கே வர முடியுமா? அத்தானைக் கூட்டிக்கொண்டு வேண்டாம். உங்களிடம் மட்டும் பேச வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ்தான், சென்ட்ரலில் மாறினால் போதும்.

வாருங்கள் அக்கா.

கோமளா


சுங்கை ஊடாங்,
20 மார்ச் 2024

கோமளாவுக்கு,

உன் கடிதம் வந்தது. வழக்கம்போல் வாசித்தேன். வாசித்து முடிக்கும்போது எனக்குத்தான் முகம் தொங்கிப்போனது. தம்புசாமி அண்ணன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பெரிய மனுஷர், கோபமே படவில்லை. "பரவால்லம்மா, சில பேருக்கு பஸ் ஸ்டாப்புல நாலு பேரு பாக்க நிக்கறதுதான் புடிக்கும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். என் பிறந்த வீட்டு மானம் அந்த டீ மேஜையில் கிடந்தது.

நான் தனியாக வர வேண்டுமாம், இரண்டு பஸ் ஏறி. என்னை யார் விடுவார்கள்? முழங்கால் வலியோடு பங்களாக்காரர்கள் நடுவே நான் நிற்க வேண்டுமா? அத்தானுக்கு ஆபரேஷன் முடியட்டும், யாராவது காரில் கொண்டுவந்து விட்டால் வருகிறேன்.

நல்லது செய்ய வந்தவரைக் காரணம் சொல்லாமல் ஒதுக்கினால் அதற்குத் திமிர் என்று பெயர். குரூப்பிலும் அதைத்தான் சொல்கிறார்கள்.

விஜயராணி


செர்காம்,
4 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் அன்பு என்ற வார்த்தையை விட்டுவிட்டு எழுதினாலும் நான் விடமாட்டேன். முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், சூடு பண்ணித் தடவுங்கள்.

திமிர் என்றால் திமிர்தான். அந்தத் திமிர் இந்த ஒரு மாதத்தில் என்ன செய்தது என்று கேளுங்கள்.

நாங்கள் தாமான் பெண்கள் மாதாமாதம் சீட்டுக் கட்டுவது உங்களுக்குத் தெரியும். அதே ஆட்களை வைத்துப் பஸ் கூட்டு ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். இதில் காசு இல்லை. ஆளுக்கு ஒரு வாரம் முறை. முறைக்காரி காலையில் முதல் ஆளாகப் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட வேண்டும். கடைசிப் பெண் ஏறும் வரை அங்கேயே நிற்க வேண்டும். சாயங்காலமும் அதே மாதிரி. முதலில் வந்தவர் மேரி மாதா படத்தைப் பர்ஸில் வைத்திருக்கும் அருளம்மாள் அக்கா. "மோட்டார்காரன் வரட்டும் லா, கொடையால ஒண்ணு குடுக்கறேன்" என்று பெரிய குடையோடு வருகிறார். பிறகு அவர் மகள் மிஷேல். அடுத்த வாரம் அந்தப் பையைப் பறிகொடுத்த மலாய்க்கார அக்காவும் வந்து, எனக்கு ஏன் முறை கொடுக்கவில்லை என்று சண்டை பிடித்தார். கொடுத்தோம்.

பஸ் ஸ்டாப் பின்னால் புதர் மண்டிக் கிடந்தது. விளக்கும் எரியவில்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து டவுன் கவுன்சில் ஆபீஸில் போய் நின்றோம். புதரை வெட்டிவிட்டார்கள். விளக்கு இன்னும் வரவில்லை, இன்னும் போவோம். பயமே இல்லை என்று நான் சொல்லவில்லை அக்கா. மோட்டார் சத்தம் கேட்டால் பையை இறுக்கிப் பிடிக்கிறேன். ஆனால் என் பயம் எதைப் பார்த்து என்பது எனக்குத் தெரியும். ஊர் காட்டுகிற பக்கம் பார்த்துப் பயப்பட என்னால் முடியாது.

பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் பார்க்க நிற்பது எனக்குப் பிடிக்கும் என்றாராமே. ஆமாம், பிடிக்கும். நாலு பேர் பார்க்கிற இடம்தான் எனக்கு வேண்டும். இதையும் சத்தமாக வாசியுங்கள்.

தங்கை,
கோமளா


சுங்கை ஊடாங்,
5 ஜூன் 2024

அன்புத் தங்கை கோமளாவுக்கு,

இரண்டு மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். கோபம்தான், வேறென்ன. அத்தானுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஒரு கண்ணில் கட்டு இருக்கிறது, படிக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. உன் தைலம் தீர்ந்துவிட்டது. அதை வைத்தே என் கோபமும் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

நல்ல செய்தி. நளினி பாஸ். டவுனில் நர்ஸிங் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது, ஜூலை முதல் தேதி வகுப்பு. "சின்னம்மா மாரி நானும் பஸ்ஸிலயே போறேன்மா" என்றாள். நல்ல திட்டு வாங்கினாள். பதினெட்டு வயசுப் பெண்ணைப் பஸ்ஸில் அனுப்ப எங்களுக்கு என்ன தலையெழுத்தா?

கடவுள் பார்த்து வழி விட்டிருக்கிறார். தம்புசாமி அண்ணன் மகளுக்குக் குழந்தை பிறந்ததால் அவர் இங்கேயே மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். வேனும் இங்கேதான். காலேஜ் பிள்ளைகள் மூன்று பேரை ஏற்கெனவே ஏற்றிக்கொண்டு போகிறார். நளினியையும் கூட்டிப் போகிறேன் என்று அவராகவே சொன்னார். நீ செய்ததை மனசில் வைத்துக்கொள்ளவில்லை பார். காலேஜிலிருந்து நம் வீடுதான் கடைசி. பத்திரமாக வாசலில் கொண்டுவந்து விடுவார்.

நர்ஸாகப் போகிற உன் அக்கா மகளை வாழ்த்தி எழுது.

அக்கா,
விஜயராணி


செர்காம்,
13 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நளினிக்கு என் வாழ்த்து. அவள் நல்ல நர்ஸாக வருவாள். அத்தான் கண் சீக்கிரம் குணமாகட்டும்.

இதைத் தனியாகப் படியுங்கள் என்று முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஹாலிலேயே வாசியுங்கள். நளினியைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். தம்புசாமி அங்கே உட்கார்ந்திருந்தால் ரொம்ப நல்லது, அவரை எழுந்து போக விடாதீர்கள்.

வேனில் கடைசியாக இறங்குகிறவள் நான்தான் என்று எழுதியிருந்தேன். முன்னால் உட்காரச் சொன்னதையும் எழுதியிருந்தேன். உம்பாய் தாண்டினால் கியர் மாற்றுகிற கை கியரோடு நிற்காது. முதல் நாள் தெரியாமல் பட்டது என்று நினைத்தேன். அடுத்த நாள் என் பையை நடுவில் வைத்தேன். அவர் பையை எடுத்துப் பின் சீட்டில் போட்டார். பின்னால் உட்காரப் போனால், "என்னா தங்கச்சி, நம்ப மாட்டீங்களா?" என்று வாசலில் அக்கம்பக்கம் கேட்கச் சிரித்தார். கடைசி நாள் என் தொடையில் கையை வைத்து, "ஒங்க வீட்டுக்காரர் வடிவேலு ஊர்ல இல்லாத ஆளு, நான் நம்ம ஆளுதானே" என்றார். முருகன் படம் எதிரிலேயே இருந்தது. பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். நிறுத்தவில்லை. சிவப்பு விளக்கில் வேன் நின்றதும் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். என் சாப்பாட்டுப் பை வேனிலேயே போய்விட்டது. பஸ் வரும் வரை நின்றேன். வந்ததும் ஏறினேன். கூட்டம். நான் அழுததை எல்லோரும் பார்த்தார்கள். ஒரு நேபாளிப் பையன் எழுந்து இடம் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டான். நீங்கள் எல்லோரும் எனக்காகப் பயப்பட்ட பஸ் அதுதான்.

என் வீட்டுக்காரரிடம் அன்றே சொல்லிவிட்டேன். அவர் கோபத்தில் உம்பாய்க்குப் போனார், வேன் அங்கே இல்லை, தம்புசாமி மகளைப் பார்க்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஊரில் பேச்சாகுமே என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டோம். உங்களிடம் மட்டும் நேரில் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். உங்களுக்கு வர வழியில்லை, எனக்கும் உங்கள் வீட்டுக்குள் வந்து தம்புசாமி முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இப்போது நளினி கடைசியாக இறங்கப் போகிறாள் என்கிறீர்கள். இனி என் மானம், உங்கள் மானம், டீ மேஜை மானம் எதுவும் எனக்கு வேண்டாம். என் பெண்ணை அந்த வேனில் ஏற்றாதீர்கள்.

அத்தானும் கேட்கட்டும். சத்தமாக வாசியுங்கள் அக்கா.

கோமளா


சுங்கை ஊடாங்,
19 ஜூன் 2024

என் கண்ணே கோமளா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கடிதம் சனிக்கிழமை வந்தது. வழக்கம்போல் பிரிக்காமல் டி.வி. பக்கத்தில் வைத்துவிட்டேன். ஞாயிறு டீக்குத் தம்புசாமியும் வந்திருந்தார். நளினி அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். நான் பிரித்து வாசிக்க ஆரம்பித்தேன். அவரை எழுந்து போக விடாதீர்கள் என்ற இடம் வந்ததும் அவர் சிரித்தார். "தங்கச்சி மன்னிப்பு கேக்கப் போறாங்க போல" என்றார்.

கியர் என்ற வார்த்தை வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. தாளை மடித்து வைத்துவிட்டு, கரண்ட் பில்லைப் பற்றிப் பேசியிருக்கலாம். நம் வீட்டில் அப்படித்தான் வழக்கம். என்னமோ கோமளா, உன் குரல் காதில் கேட்டது. நான் நிறுத்தவில்லை.

அத்தான், "போதும் ராணி, நிறுத்து" என்றார். நான் நிறுத்தவில்லை. தம்புசாமி, "தங்கச்சி என்னைத் தப்பாப் புரிஞ்சிக்கிட்டாங்க லா" என்று எழுந்தார். "உக்காருங்க, இன்னும் முடியல" என்றேன். என் குரல்தானா அது என்று எனக்கே தெரியவில்லை. கடைசி வரி வரை வாசித்தேன். நிமிர்ந்து பார்த்தால் நளினி கரண்டியோடு வாசற்படியில் நிற்கிறாள்.

"அம்மா, மறுபடியும் மொதல்லேர்ந்து படிங்க" என்றாள்.

படித்தேன். தம்புசாமி பாதியிலேயே செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார். யார் வந்தாலும் கேட் வரை போய் வழியனுப்புகிற அத்தான் நாற்காலியை விட்டு எழவில்லை. கட்டுப் போடாத கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. யார் மேல் கோபம் என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை முழங்காலை இழுத்துக்கொண்டு, வேனில் போகிற அந்த மூன்று பிள்ளைகளின் வீட்டுக்கும் போனேன். உன் கடிதத்தை மூன்று வீட்டிலும் வாசித்தேன். ஒரு வீட்டில் என்னைத் திட்டினார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது வீட்டில் அந்தப் பிள்ளை போய் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அக்கா


செர்காம்,
24 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறீர்களா? அத்தான் பேசுகிறாரா? எனக்கு உங்கள் முகமாகவே இருக்கிறது.

நேற்று என் வீட்டுக்காரரும் நானும் அருளம்மாள் அக்காவும் பாலாய் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ரிப்போர்ட் செய்தோம். எழுதிக்கொண்ட பெண், ஏன் இத்தனை நாள் கழித்து என்று கேட்டாள். இன்னொரு பெண் ஏறப் போகிறாள், அதனால் என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள். அந்த மூன்றாவது வீட்டுப் பிள்ளையின் அம்மா சம்மதித்தால் சொல்லுங்கள், துணைக்கு நான் வருகிறேன்.

குரூப்பில் என்னை என்னென்னவோ சொல்கிறார்கள். சொல்லட்டும். எங்கள் பஸ் ஸ்டாப்புக்கு விளக்கு வந்துவிட்டது.

நளினி எப்படிப் போகப் போகிறாள்?

கோமளா


சுங்கை ஊடாங்,
8 ஜூலை 2024

அன்புத் தங்கைக்கு,

அத்தான் மூன்று வாரம் பேசவில்லை. நேற்று டீ கொடுத்தபோது, "கமிட்டியிலிருந்து விலகிட்டேன், அவனோட ஒரே மேஜைல உக்கார முடியாது" என்றார். அவ்வளவுதான். கமிட்டியில் மற்றவர்கள் தம்புசாமி பக்கம்தான். கோயிலில் இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் அவர்களுக்கு எதிரிலேயே போய் நின்று கற்பூரம் ஒற்றிக்கொண்டேன். குரூப்பிலிருந்தும் வெளியே வந்துவிட்டேன். எப்படி வருவது என்று நளினிதான் காட்டினாள். அந்த மூன்றாவது வீட்டு அம்மா போன வெள்ளிக்கிழமை மகளோடு பாலாய்க்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

நளினி பஸ்ஸில் போகிறாள். முதல் வாரம் நானும் கூடவே போனேன். உண்மையைச் சொல்கிறேன், முதல் நாள் படியில் கால் வைக்கும்போது நளினி கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பஸ் தாமதம், ஏர்கான் ஒழுகி என் சேலையில் சொட்டியது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் காது கிழியக் கத்துகின்றன. ஒரு பங்களாக்காரர் என்னையே பார்த்தார். நான் முறைத்தேன். அவர் என் காலைக் காட்டி, செருப்பு வார் அறுந்திருக்கிறது, விழுந்துவிடப் போகிறீர்கள் என்று மலாயில் சொன்னார். கோமளா, வாய்விட்டுச் சிரித்தேன். நளினிக்கு ஒரே வெட்கம்.

அந்த மூன்றாவது வீட்டுப் பிள்ளையும் இப்போது நளினியோடுதான் ஏறுகிறது. அதன் அம்மாவும் நானும் முறை வைத்து நிற்கிறோம். உன் கூட்டில் சுங்கை ஊடாங் கிளை என்று எழுதிக்கொள்.

இனி உனக்குக் கடிதம் எழுத மாட்டேன். கோபமில்லை. எத்தனையோ வருஷம், யாராவது காரில் கொண்டுவந்து விட்டால் வருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே உன் முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். சனிக்கிழமை வருகிறேன், நான் மட்டும். அத்தானிடம் கேட்கவில்லை, சொன்னேன். "பாத்து போ" என்றார்.

சோறு ஆக்கி வை. நெத்திலிச் சம்பல் வேண்டும். பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்காதே, உன் வீடு எனக்குத் தெரியும். திரும்பிப் போக எப்போது பஸ் என்றும் கேட்காதே. அதுவும் எனக்குத் தெரியும்.

அக்கா,
விஜயராணி